இரண்டில் போனது

வெள்ளவத்தையிலிருந்து மூன்றாவது ஸ்டேசன்.
வலப்பக்கம் கூடவே வந்த கடல்
கல்கிசை தாண்டியதும் கழன்று போனது.

இரத்மலானையில்,
மூடிப்போன நூலாலைக்குப் பின்னால் ஒரு வெளி.
பொலிஸ் கடிதம், நகரசபைக் கடிதம்,
விமானக் காரியாலயத்துச் சிவப்பு முத்திரை
எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு
வாசற் கம்பியில் கட்டியிருந்தார்கள்.
ராக்கெட்டை விடக் கடிதம் கனம் என்றார் இவர்.

ராக்கெட் சாருஜனின் நெஞ்சு மட்டம்.
சீலைக்கடையில் துணி சுற்றி வருகிற மட்டைக்குழல் உடம்பு.
மூக்குக்குள் ஒரு முட்டை.
உடையாமல் திரும்பி வரவேண்டுமாம்.
திரிஷானா முட்டைக்குப் பெயர் வைத்தாள்,
என்ன பெயரென்று சொல்லமாட்டாள்.

தம்பி குகதாசன் கண்ணாஸ்பத்திரிக்கு வந்தவன்.
தர்மபுரத்திலிருந்து ராவு பஸ்.
ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் மருந்துக் கலங்கல்.
"எனக்கென்னத்துக்கக்கா இது" என்றவனைத்
தனியே விட மனமில்லாமல் இழுத்து வந்தோம்.
ஆலைச் சுவர் நிழலில் குந்தியிருந்து
மீன் பணிஸைக் கடித்துக்கொண்டிருந்தான்.

காற்று என்று அரை மணித்தியாலம்.
வயர் விட்டுப்போச்சு என்று இன்னும் அரை.
சனம் வானத்தை மறந்து
நிழலுக்கு இடம் பிடிக்கத் தொடங்கியது.

பிறகு ஒலிபெருக்கி.
தஹய. நவய. அட்ட.
சாருஜன் விரல்களில் அதைத் தமிழாக்கி
ஒரு எண் பின்னால் வந்துகொண்டிருந்தான்.
துன என்றபோது நாலு.
தெக என்றபோது மூன்று.
எக.
அவன் இரண்டில் நிற்க
அது போய்விட்டது.

வெடிச்சத்தம் இல்லை.
புதுச்சீலையை ஒரே இழுவையில் கிழித்த மாதிரி.
ஒரு வெள்ளைக் கோடு,
பிறகு கோடு கீறிய ஆளையும் காணோம்.
எல்லாரும் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து நின்றோம்.
குடை விரியவில்லை என்று யாரோ கத்தினார்கள்.
வெயில் கண்ணுக்குள் குத்தியது.
அரைவாசிப் பேர் காகத்தைக் காட்டினார்கள்.

தம்பி மட்டும் தலை குனிந்திருந்தான்.
வாயில் பணிஸ் பாதியில் நின்றது.
ஏதோ எண்ணுகிற முகம்.
பிறகு, எழும்பாமலே, கையை நீட்டினான்:
"மதிலுக்கு அங்கால, ஒரு நூறு யார்.
சேத்து நிலம். சத்தம் மெத்தெண்டு விழுந்தது."

சத்தமா?
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அங்கேதான் கிடந்தது,
கங்குன் பாத்திக்குள் மூக்கைச் செருகி.
முட்டையில் ஒரு கீறல்.
கீறல் உடைவா இல்லையா என்று
மூன்று பேர் கூடி வெகுநேரம் பேசினார்கள்.

நெத்மின என்ற பெடியன்,
முழங்கால் வரை சேறு, முகம் முழுக்கச் சிரிப்பு,
தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.
இவ்வளவு சரியாய் எங்கே பழகினீர்கள்?
நான் தமிழில் சொன்னேன்.
"ஊரில்" என்றான் தம்பி.
நான் சிங்களத்தில் சொன்னேன்.
உங்கள் ஊரிலும் கிளப் இருக்கா?
"இருந்தது" என்றான் தம்பி. "பெரிய கிளப்.
நாங்கள் பாக்கிற ஆக்கள் மட்டும்தான்."
நான் 'இருந்தது' வரைக்கும்தான் சொன்னேன்.
நெத்மினவுக்கு அது போதுமாயிருந்தது.
அடுத்த மாதமும் வரச்சொன்னான்.

திரும்புகிற ரயிலில் கடல் மறுபக்கம் ஏறிக்கொண்டது.
திரிஷானா மடியில் கைக்குட்டை,
கைக்குட்டைக்குள் கீறல் முட்டை.
கெஞ்சி வாங்கி வந்தது.
தெஹிவளைக்குக் கிட்ட
சாருஜன் ஜன்னலைப் பார்த்து "ஒன்று" என்றான்.
"என்னடா?" என்றார் இவர்.
"மிச்சம்" என்றான்.

மருந்து விடுகிற நேரம்.
ஆடுகிற பெட்டியில் நான் போத்தலைத் திறக்க
தம்பி தலையை அண்ணாத்திப் பிடித்தான்.
கூரையில் ஓடாத ஒரு மின்விசிறி.
சொட்டு இறங்கும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.